ஐம்பத்தெட்டு டிகிரி

கம்ப்யூட்டர் சூடானால் எல்லோரும் முதலில் தூசியைத்தான் திட்டுவார்கள். தூசி பாவம், வாயில்லாத ஜீவன், யார் எந்தப் பழியைப் போட்டாலும் சுமந்துகொள்ளும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியை மேசைமேல் வைப்பதற்கு முன்பே, "தூசியாத்தான் இருக்கும், கொஞ்சம் ஊதி விட்டுடுங்க" என்பார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு உண்மையான கோளாறைத் தேடுவேன்.

நீ தூசி என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்தாய், செருப்பைக் கழற்றினாய், டீ வேண்டாம் என்றாய், இந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். "அண்ணன் எப்ப வருவான், அண்ணி?" என்று கேட்டாய். நடக்கப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்றேன். "அப்ப நீங்களே சொல்லுங்க" என்றாய். எதை என்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா? கேட்டிருந்தால் நம் இருவருக்குமே மரியாதையாக இருந்திருக்காது. முழுதும் சொல்கிறேன். நடுவில் அழாதே, எனக்கு வரிசை தப்பிவிடும்.

அந்தப் பெட்டியை உன் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்ததே நான்தான், கல்யாணமான புதிதில். பகல் முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் கிளட்சைக் கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் அவர். சாயங்காலமானால் தானே ஓட்ட ஆசை. திரையில் மலைப்பாதை, மேசையில் ஸ்டியரிங், காலடியில் மூன்று மிதிகள். அந்த மாதிரி விளையாட்டுக்கு வெறும் விசிறி போதாது, தண்ணீரால் குளிர்விக்கிற வகைதான் சரி என்று நான் சொன்னேன். பிராசஸர் மேல் ஒரு சின்ன பம்ப் உட்கார்ந்திருக்கும். அது தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியே மேலே போய், விசிறிக்குக் கீழே ஆறிவிட்டு, இன்னொரு குழாய் வழியே திரும்பி வரும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு தடவை அது நிஜமாகவே சூடானது. குழாயில் காற்று அடைத்துக்கொண்டு களக் களக் என்று சத்தம் வந்தது. அவர் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே ஓடி வந்தார். நான் அதைச் சாய்த்து, முதுகில் லேசாகத் தட்டி, காற்று மேலே ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். "குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி இருக்கே" என்றார். "ஏப்பம் எடுக்கக் கத்துக்கிட்டாச்சு, குழந்தைதான் பாக்கி" என்றேன். கடையில் வேறு ஆட்கள் இருந்ததையும் மறந்து இரண்டு பேரும் சிரித்தோம். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெட்டி சூடானால் இவருக்கு நான் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு டீச்சர் வந்தாள்.

அந்த மலைப்பாதைக் கார் பந்தயத்தை இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வரப்போகும் பாதையை வாசித்துச் சொல்வார். "இடது மூணு, நீளம், கடைசில இறுகும்." அது ஒரு பாஷை, வளைவு எவ்வளவு கடுமை என்பதை எண் சொல்லும். இவருக்கு வாசிக்கிறவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கேயோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவள். இவர் அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. காதில் மாட்டிய ஹெட்செட்டில் குரல் மட்டும் வரும். நல்ல குரல், ஒப்புக்கொள்கிறேன். பதற்றமே இல்லாத குரல்.

உனக்கு வேறு சந்தேகம் வேண்டாம். அவர்களுக்குள் ஒன்றும் கிடையாது. கதவோரம் நின்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன், பாதையைத் தவிர வேறு பேச்சு வந்ததில்லை. ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், நீ வந்து சமாதானம் பேசிக் கூட்டி வந்திருப்பாய்.

என்னை அரித்தது வேறு. நிஜக் காரில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் திரும்புங்க, அங்க கூட்டமா இருக்கும்" என்றால், "ஓட்டுறவனுக்குத் தெரியாதா?" என்பார். மருந்துக்கடைக்குப் போகிற வழியைக்கூட என் வாயால் கேட்டுக்கொள்ள மாட்டார். அவள் "வலது ரெண்டு" என்றால், வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே அவர் கை திரும்பிவிடும். மூடுபனி, ஒன்றுமே தெரியாது, அவள் சொன்ன ஒரே காரணத்துக்காக முழு வேகத்தில் போவார். ஒரு ஆம்பளை இன்னொருத்தர் சொல்லை அப்படி நம்பி நான் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, என் தட்டில் மட்டும் விழவில்லை. வயிறு எரிந்தது. இதைவிட நாகரிகமான வார்த்தை உனக்குத் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்.

ஒருநாள் அவரே வந்து கேட்டார். "விசிறிச் சத்தம் டீச்சருக்கு மைக்ல கேக்குதாம். பாதை வாசிக்கும்போது தொந்தரவா இருக்காம். கொஞ்சம் குறைச்சு வைக்க முடியுமா?"

முடியும் என்றேன். பெட்டியைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வருகிற அமைப்புத் திரை ஒன்று இருக்கிறதே, அதில் விசிறி வேகத்தைக் குறைத்தேன். பக்கத்திலேயே பம்ப் வேகமும் இருந்தது. அதையும் அடிமட்டத்துக்குக் குறைத்தேன். பம்ப் சத்தம் போடுவதில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "மூச்சு விடுற சத்தம்கூட இல்ல. கைராசிக்காரி நீ" என்றார்.

கணக்கு எழுத, படம் பார்க்க, இதற்கெல்லாம் அந்த வேகம் போதும். பந்தயத்திலும் முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். மூன்றாவது சுற்றுக்கு வரும்போது பிராசஸர் தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொடும். தொட்டதும், எரிந்து போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல பிராசஸர், சுயபுத்தி உள்ளது. திரை அணையாது. ஒரு இமைப்பொழுது தயங்கும், மறுபடி ஓடும். நேர்ச்சாலையில் அது யாருக்கும் தெரியாது. வளைவில் அந்தத் தயக்கம் போதும், கை திருப்பிய பிறகு வண்டி யோசித்துத் திரும்பும்.

திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் ஒன்றை அவர் எப்போதும் வைத்திருப்பார், நான் பழக்கிய பழக்கம். அந்த எண்ணைக் காட்டும் நிரலிடம், சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் காட்டு என்று சொல்லி வைத்தேன். என்ன ஆனாலும் அது ஐம்பத்தெட்டைத் தாண்டாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம், ஒரு எண்ணை இன்னொரு எண்ணுக்குள் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

நான் எதிர்பார்த்தது ரொம்பக் கொஞ்சம். இரண்டு பந்தயம் தோற்பார், "என்னமோ ஆகுது, வந்து பாரேன்" என்று கூப்பிடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வரும். அவ்வளவுதான். அப்படியென்றால் எண்ணை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கப் போகிறாய். நல்ல கேள்வி. எண் தொண்ணூற்றெட்டு என்று காட்டியிருந்தால் அவர் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். என்னைக் கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் அவர் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவே இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மூன்றாவது சுற்றில் வண்டி பள்ளத்தில் விழுந்த பிறகு, அவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வலது கையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். அது என்ன பார்வை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமாவுக்கு, பஸ் டிரைவராக இருந்த உன் அப்பாவுக்கு, அந்த நோய் எப்படி ஆரம்பித்தது என்று உங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். "வளைவுல லேட்டா திருப்புறீங்கண்ணே" என்று கண்டக்டர் சொன்னதுதான் முதல் அறிகுறி. கை அப்போது நடுங்கக்கூட இல்லை. பிறகு பஸ்ஸிலிருந்து இறக்கி டிப்போவில் உட்கார வைத்தார்கள். பிறகு கை நடுக்கம். பிறகு கட்டில். கடைசியில் நீ கரண்டியால் ஊட்டிவிட்டாய், பாதி வாய்க்குள் போகும், பாதி தலையணையில். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற நோய் என்பது உட்பட, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பம்பைக் குறைக்கும்போது நான் அதை நினைக்கவில்லை. நான் பம்பைத்தான் நினைத்தேன்.

"இங்க வாயேன்" என்றார். போனேன். "வளைவுல கை லேட்டாகுதும்மா. முதல்ல நல்லாத்தான் இருக்கு. போகப் போகத் தளர்ந்து போகுது." பிறகு பெட்டிப் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர்ல ஏதாவது இருக்குமோ?" என்றார். குரலில் அப்படி ஒரு கெஞ்சல்.

நான் குனிந்து திரையின் மூலையைப் பார்த்தேன். "ஐம்பத்தெட்டுதாங்க காட்டுது. இதைவிட ஆரோக்கியமா ஒரு பெட்டி என் கடையிலயே கிடையாது" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர்கிட்ட சொல்லாத. யாருக்கும் தெரிய வேணாம். உனக்கும் எனக்கும் இருக்கட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கிறாய். நானும் நினைத்தேன். வாய்கூடத் திறந்தேன். ஆனால் அவர் கை என் கைக்குள் இருந்தது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, தானாக வந்து. அதை நீயாக இருந்தால் விட்டிருப்பாயா தெரியாது. நான் விடவில்லை.

அவர் பந்தயத்துக்கு வராமல் போனதும் டீச்சர் போன் செய்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார், நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "சார், மெஷின் டெம்பரேச்சரை ஒரு தடவை வேற யாரையாவது விட்டுப் பாக்கச் சொல்லுங்க. நீங்க மூணாவது சுற்றுலதான் தடுமாறுறீங்க, எல்லாப் பந்தயத்துலயும் அதே இடம். கை தளர்ந்தா இப்படி அளந்து வெச்ச மாதிரி வராது. சூடுதான் இப்படி வரும்."

கணக்கு டீச்சர் இல்லையா, சரியாகப் பிடித்துவிட்டாள். நான் ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

உன் அண்ணன் சொன்னார்: "இல்ல டீச்சர். என் பொண்டாட்டிக்கு இதுதான் தொழில். அவ பாத்துட்டா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே திரும்பிவிட்டார், என் ஒரு சொல்லை நம்பி. டீச்சர் சரி சார் என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் குரல் இந்த வீட்டில் கேட்கவில்லை. அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நீ என்னைத் திட்டுவாய், ஆனால் தூங்கினேன்.

அதோடு போதும் என்று பம்பைச் சரிசெய்திருக்கலாம். செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார். ஒருநாள் தனியாக ஓட்டிப் பார்ப்பார், கை சரியாக இருக்கும், மறுநாளே டீச்சரைக் கூப்பிடுவார். கையில் கிடைத்த வெண்ணெயை யாராவது தெருவில் எறிவார்களா.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நோய் எதுவும் தென்படவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீர்கள் என்றார். வெளியே வந்ததும் உன் அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது. படியிறங்கும்போது நான், "மாமாவுக்கும் முதல்ல ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க" என்றேன். ஏமாற்றத்துக்கு அவரைத் தயார்ப்படுத்தத்தான் சொன்னேன். மிச்சப் படிகளை அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

டிரைவிங் ஸ்கூல் சாவியை அவராகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பக்கத்து சீட்டுல என் கால்தான் பிரேக். அது லேட்டானா யாரு பொறுப்பு?" என்று இவர் கேட்டாராம். உன் அண்ணன் நேர்மையானவர், அதில் எனக்கு எப்போதுமே பெருமை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குழந்தை வேண்டாம் என்றும் சொன்னார். "இது என்னோட போகட்டும். இன்னொரு உசுரு தன் கையைப் பாத்துப் பாத்துச் சாக வேணாம்." நான் அழுதேன். நடிப்பில்லை, வாய்விட்டு அழுதேன். எனக்குக் குழந்தை ஆசை இருந்தது உனக்குத் தெரியும். அவருக்காக அதையும் விட்டுக்கொடுத்தேன், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

நீயும் உன் கையைப் பார்க்க ஆரம்பித்தாய். மாப்பிள்ளை வீட்டாரைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாய். அது உன் முடிவு, நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, சும்மா கிடக்கிற பெட்டிதானே, எனக்கு வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்கு ஆகும் என்று எடுத்துப் போனாய். அண்ணன் ஆசையாக வைத்திருந்தது, அழியக் கூடாது என்று சொன்னாய். நான் ஏன் தடுக்கவில்லை என்று, நீ பெட்டியைக் காட்டிய மெக்கானிக் உன்னிடம் கேட்டானாமே, எங்கள் தொழிலில் பேச்சு சீக்கிரம் பரவும். மறந்துவிட்டேன். நம்ப மாட்டாய். பம்பின் நினைப்பே எனக்கு இல்லை. வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போது கம்ப்யூட்டர் ஞாபகம் யாருக்கு வரும்.

நீ பழையதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாய். அதோடு நான் எழுதி வைத்த ஐம்பத்தெட்டும் அழிந்துபோனது. பம்ப் வேகம் டிஸ்க்கில் இருக்காது, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், நீ எதை அழித்தாலும் அது போகாது. புது எண், பழைய பம்ப். தொண்ணூற்றெட்டு என்று பார்த்ததும் நீ என்னிடம் கொண்டு வந்திருக்கலாம், நானே சரிசெய்து கொடுத்திருப்பேன். "அண்ணி தலைல ஏற்கனவே எவ்வளவு பாரம்" என்று நினைத்து வேறு கடைக்குப் போனாய். உன் நல்ல மனசு. அந்த மெக்கானிக், "இது தானா நடந்ததில்ல, தொழில் தெரிஞ்சவங்க வெச்சது" என்றானாம். கெட்டிக்காரன்.

இதுதான் நடந்தது. நான்தான் செய்தேன். பம்பைக் குறைத்தது நான், எண்ணை மாற்றியது நான், டீச்சரை விரட்டியது நான். இதில் ஒன்றையும் மறுக்கவில்லை. அவர் வந்ததும் நீ சொல்லத்தான் போகிறாய், சொல்லு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

ஆனால் ஒன்று. பந்தயத்தில் கை லேட்டானதற்கு வேண்டுமானால் கம்ப்யூட்டர் காரணமாக இருக்கட்டும். நோய்க்குக் கம்ப்யூட்டர் எப்படிக் காரணமாகும்? அவருக்கு நிஜமாகவே இருக்கிறது. கூடவே இருக்கிற எனக்குத்தானே தெரியும். நான் முன்கூட்டியே கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். என்றாவது நீங்கள் எல்லோரும் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் அவர் வந்ததும் நீயே பார். நடந்துவிட்டு வந்தால் முதலில் தண்ணீர்தான் கேட்பார். டம்ளர் நிறைய ஊற்றிக் கையில் கொடுப்பேன், சிந்தாமல் இருக்க அடியில் என் கையையும் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அப்போது பார், தண்ணீர் ஆடும், விளிம்பு தாண்டிச் சிந்தும். நேற்று என் விரலெல்லாம் நனைந்துவிட்டது. "நீ விடும்மா, நீ விட்டா ஆடல" என்கிறார், பாவம், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் நான் கையை எடுப்பதே இல்லை.